வெள்ளத்தில் சாடிய குற்றம்

"செல்லம் குடுத்துக் கெடுத்தேன்னு நான் சொல்லுதேன், நீரு வாய மூடிக்கிட்டு—"

"நீ எதுக்குட்டி சொல்லணும்? அடிச்சுக் கெடுத்தது நானு, நாந்தான்—"

"எப்ப அடிச்சீரு? கரப்பான் பாச்சானக் கண்டாலே ஒதுங்கிப் போற மனுசன், பிள்ளைய எப்ப அடிச்சீரு?"

"அடிச்சேன்னு சொன்னா அடிச்சதுதான். அவிய வந்தா பாத்தாவ?"

"அடிச்சேன்னு சொன்னா அதுக்குத் தனியா ஒரு கேசு உண்டாம். செல்லத்துக்குக் கேசு இல்ல. ஜினிஷா விசாரிச்சுச் சொல்லிச்சு."

"செல்லத்துக்குக் கேசு இல்ல, வகுப்பு உண்டு. வாராவாரம் ஒன்ன வரச் சொல்லுவாவ. மீன் யாவாரத்த ஆரு பாப்பா?"

"கடலுக்குப் போவாம நீரு வந்து இருப்பீராக்கும்?"

வடசேரியில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் கல்யாண மண்டபத்தின் படிக்கட்டில் நின்று செசிலியும் அவள் கணவன் ஏசுஅடிமையும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் மற்றப் பெற்றோர்கள் பிள்ளை கெட்டதற்கு நீதான் காரணம் என்று ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் நான்தான் காரணம், நான்தான் காரணம் என்று முட்டிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிள்ளை கெட்டுப்போகவில்லை. திற்பரப்பு அருவியில் குதித்திருந்தான். அவ்வளவுதான்.

அவன் கெட்டுப்போயிருக்கிறான் என்று தீர்மானித்தது குடும்ப நெறி மற்றும் குற்றத் தடுப்பு மன்றம். மாவட்டத்தில் குற்றம் கூடிக்கொண்டே போகிறதே என்று பெரிய மனிதர்கள் சிலர் கவலைப்பட்டு ஆரம்பித்தது அது. ஆரம்பித்த அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தது. குடும்பத்தில் ஒழுக்கம் குறைந்ததால்தான் குற்றம் நடக்கிறது என்றார் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் முனைவர் பொன்னுலிங்கம். தண்டனையில் கடுமை குறைந்ததால்தான் நடக்கிறது என்றார் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி செல்வதாஸ். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காததால், காலையில் பெற்றோர்களைத் திருத்துவது, மதியத்துக்குமேல் பெற்றோர்களைப் பயமுறுத்துவது என்று ஏற்பாடு ஆயிற்று. குற்றத்துக்குக் காரணம் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிறிய வழக்குகளில் மாட்டிய பையன்களின் தாய் தகப்பன்மாரைக் காவல் நிலையம் இங்கே அனுப்பிவைக்கும். இவர்கள் திருந்திவிட்டார்கள் என்று மன்றம் சொன்னால் பையன் மேலுள்ள வழக்கைக் கைவிடுவார்கள். செசிலியின் மகன் ஜெஃப்ரினுக்கு அது அவசரமாக வேண்டியிருந்தது. ஏசி மெக்கானிக் வேலைக்கு தோஹாவிலிருந்து விசா வந்து கிடந்தது. போலீஸ் கிளியரன்ஸ் இல்லாமல் ஏறமுடியாது. மன்றத்தின் நற்சான்றிதழ் இல்லாமல் கிளியரன்ஸ் கிடையாது. மாசக் கடைசிக்குள் வராவிட்டால் அடுத்த ஆளை அனுப்பிவிடுவேன் என்று ஏஜென்ட் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அருவியில் குதித்ததற்கு இத்தனையா என்று கேட்கலாம். குதித்ததற்கு இல்லை. குதித்ததை செசிலி காவல் நிலையத்தில் போய்ச் சொன்னதற்கு.

ஜெஃப்ரின் கூட்டாளிகளோடு குளிக்கப் போனவன், கம்பிவேலி மேல் ஏறி அருவி விழும் குளத்தில் குதித்தான். தெறித்த தண்ணீரில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரின் சட்டை நனைந்தது. சட்டை காயும்வரை ஸ்டேஷனில் இரு என்று கூட்டிக்கொண்டு போனார். விஷயம் கேள்விப்பட்டு மீன் கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு ஓடிய செசிலி, இன்ஸ்பெக்டரிடம் மனசில் உள்ளதை அப்படியே கொட்டினாள்.

"எல்லாப் பயக்களும் சாடுனானுவ சார். எனக்க மவனும் சாடிட்டான். போலீசு நிக்கச்சிலயே சாடிட்டான், அது தப்புதான். வெள்ளத்தக் கண்டா அவனுக்குக் கையும் காலும் நிக்காது. சின்னதுல இருந்தே சாட்டம்தான். சாடாத மக்கா, சாடாதன்னு தொண்ட கிழியச் சொல்லியிருக்கேன்."

இந்தப் பக்கத்தில் சாடுவது என்றால் குதிப்பது. வெள்ளம் என்றால் தண்ணீர். குடத்தில் இருந்தாலும் வெள்ளம்தான், குளத்தில் இருந்தாலும் வெள்ளம்தான். இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவருடைய ஊரில் அரசியல்வாதிகள்தான் சாடுவார்கள், அதுவும் மைக் வைத்து. அவர் எழுதினார்: 'பணியில் இருந்த காவலரை, வெள்ளப் பேரிடர் வேளையில், பொதுமக்கள் முன்னிலையில் கடுமையாகச் சாடினார். சிறு வயது முதலே பிறரைச் சாடும் பழக்கம் உடையவர் என்பதை அவரது தாயாரே ஒப்புக்கொண்டார்.'

பிறகு அந்தத் தேதியில் திற்பரப்பில் வெள்ளம் வந்ததா என்று மேலிடத்தில் விசாரித்தார்கள். வரவில்லை என்று பதில் வந்தது. அதனால் வெள்ளம் வந்ததாகத் தாயார் வதந்தி பரப்பினார் என்பதும் சேர்ந்துகொண்டது.

"ஏறி வாங்க, ஆரம்பிச்சாச்சு," என்று மாடியிலிருந்து ஜினிஷா கூப்பிட்டாள். மன்றத்தின் ஒரே சம்பளக்காரி அவள்தான். செசிலியின் ஊருக்குப் பக்கத்து ஊர். "சட்டையில இதக் குத்துங்க."

அட்டையில் 'பொறுப்புத் தவறிய தாய்' என்று அச்சடித்திருந்தது. ஏசுஅடிமைக்குக் கிடைத்ததில் 'பொறுப்புத் தவறிய தந்தை'.

"இத முதல்லயே குத்தினா பின்ன என்னத்துக்கு விசாரண?" என்று ஏசுஅடிமை கேட்டார்.

"விசாரண முடிஞ்சாத்தான் கழத்தணும் மாமா. அதுக்காக்கும்."

குத்துவிளக்கு ஏற்றினார்கள். குடும்ப உறுதிமொழி சொன்னார்கள். பொன்னுலிங்கம் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"குடும்பம் ஒரு பல்கலைக்கழகம்," என்று அவர் ஆரம்பித்தார். "தந்தை துணைவேந்தர். தாய் பதிவாளர். பிள்ளை மாணவன். இன்று துணைவேந்தர் எங்கே? என் வீட்டைச் சொல்கிறேன். என் வீட்டில் இரவு உணவு ஏழரை மணிக்கு. எல்லோரும் வந்து அமர வேண்டும். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. என் மனைவி முப்பது வருடமாக அந்த மேசையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவ்வளவு அன்னியோன்னியம். என் மகன் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனான். அன்றிலிருந்து இன்றுவரை என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை."

முன்வரிசையில் கைதட்டினார்கள்.

"எங்க இருக்காரு சார் அவரு?" என்று ஏசுஅடிமை ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

"அது தெரியவில்லை," என்றார் பொன்னுலிங்கம். "ஆனால் எங்கே இருந்தாலும் ஒழுக்கமாக இருப்பான்."

அடுத்தது பயிற்சி. மேடையில் ஒரு சாப்பாட்டு மேசை போட்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஜவுளிக்கடையில் கழித்துப்போட்ட ஒரு ஆண் பொம்மையை, முழுக்கைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கை இல்லை. சட்டையை இழுத்து மறைத்திருந்தார்கள். நெற்றியில் 'மாதிரி மகன்' என்று ஒட்டியிருந்தது.

"இவன் எதிர்த்துப் பேச மாட்டான். எழுந்து போக மாட்டான். செல்போன் கேட்க மாட்டான்," என்று பொன்னுலிங்கம் அதன் தோளில் கை வைத்தார். குரல் லேசாகத் தழுதழுத்தது. "தாயார் வரவும். மகனோடு உரையாடவும்."

செசிலி ஏறிப் போய் பொம்மைக்கு எதிரே உட்கார்ந்தாள். அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சோறு திங்கியா மக்கா?"

"தவறு," என்றார் பொன்னுலிங்கம். "உணவைப் பற்றிக் கேட்பது பாசம் ஆகாது. அது பழக்கம். 'மகனே, இன்று உன் உள்ளத்தில் ஓடுவது என்ன?' என்று கேட்க வேண்டும்."

"அப்படிக் கேட்டா எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு எனக்க மவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான் சார்."

"கேளுங்கள்."

கேட்டாள். பொம்மை பதில் சொல்லவில்லை. அதற்குப் பொம்மைக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். பிறகு ஏசுஅடிமையை அழைத்து மூன்று பேரையும் ஒன்றாகச் சாப்பிடுவதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மூன்றாவது ஆளுக்குச் சாப்பிடுகிற கை இல்லாததால் அவனை விட்டுவிட்டார்கள்.

"வீட்டில் இரவு இப்படித்தானே உண்கிறீர்கள்?"

"ராத்திரி நான் கடல்லல்லா சார் கிடப்பேன்," என்றார் ஏசுஅடிமை.

"எல்லா இரவுகளுமா?"

"மீனு எப்ப வருதோ அப்பத்தான் சார் போணும்."

"எழுதிக்கொள், ஜினிஷா. தந்தை இரவுகளில் வீட்டில் தங்குவதில்லை. காரணம் சந்தேகத்துக்குரியது."

"சந்தேகம் என்ன சார் இதுல?" செசிலிக்குத் தாங்கவில்லை. "சாரு வீட்டுல மீனு வைக்க மாட்டாவளா? அந்த மீனு எப்படி வந்து சேருதுன்னு நினைக்கிய?"

"என் வீட்டு மீனைப் பற்றி இங்கே பேச்சில்லை. எழுதிக்கொள், ஜினிஷா. தாயாரும் சாடுகிறார்."

மதியத்துக்குமேல் செல்வதாஸின் முறை. பெற்றோர்கள் ஊணு முடித்துக் கண் சொக்கும் நேரம் பார்த்து அவர் மேடை ஏறினார். பின்னால் அவர் தன் யோசனையில் செய்வித்த 'தண்டனை அனுபவ அறை' நின்றது. பிளைவுட்டில் செய்து, கம்பிகளைக் கறுப்புப் பெயின்டில் வரைந்த ஒரு லாக்கப். பெற்றோர்கள் அதற்குள் சிறிது நேரம் நின்று, வெளியே வந்து, பார்த்த பயங்கரத்தைப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

"பயம்," என்றார் செல்வதாஸ். "பயம்தான் மருந்து. நான் முப்பத்தோரு வருஷம் ஜெயிலில் இருந்தவன்."

"அய்யோ பாவம்," என்று யாரோ ஒரு தாய் பின்னாலிருந்து சொன்னாள்.

"அதிகாரியாக. என்னிடம் தண்டனை அனுபவித்தவன் எவனும் என்னை மறக்கவில்லை. விடுதலையாகிப் போன ஆறாவது மாதம் திரும்பி வந்துவிடுவான். சில பேரை நான் தகப்பன் காலத்திலிருந்தே அறிவேன். தகப்பனும் என்னிடம் இருந்தான், மகனும் என்னிடம் இருந்தான். ஒரே அறையில். ஒருமுறை அடித்த அடியை ஆயுசுக்கும் மறக்காமல் மறுபடி மறுபடி வந்தார்கள் என்றால், எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்."

"பயந்தா எதுக்கு சார் திரும்ப வாறான்?" என்று ஏசுஅடிமை கேட்டார்.

"இன்னும் கடுமையாகத் தண்டித்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்," என்ற செல்வதாஸ், பிளைவுட் கதவை ஓங்கி அறைந்து சாத்திக் காட்டினார். "இந்தச் சத்தம். இந்தச் சத்தம் கேட்டால் ஒருத்தனும் திருட மாட்டான்."

அந்தச் சத்தத்தில் அறையின் பின் முட்டு நழுவியது. மொத்த லாக்கப்பும் மெதுவாக முன்பக்கம் சரிந்தது. மேடை விளிம்பில் நின்ற செல்வதாஸுக்கு அது தெரியவில்லை. கீழே நின்ற பொன்னுலிங்கத்துக்குத்தான் தெரிந்தது. முனைவர் பட்டமும் முதல்வர் உத்தியோகமும் அவரை விட்டு ஒரு கணம் விலகி நிற்க, அவர் தொண்டையிலிருந்து சொந்த ஊர் வெளியே வந்தது.

"ஓய் செல்வதாஸே, சாடும்வே. கீழ சாடும்."

செல்வதாஸ் சாடினார். முன்வரிசையில் இறக்கிவைத்திருந்த மாதிரி மகன் மேல் விழுந்தார். மாதிரி மகனுக்கு இருந்த ஒரு கையும் போயிற்று. தலை உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் போனது. லாக்கப், குத்துவிளக்கை அணைத்துக்கொண்டு மேடையில் குப்புறக் கிடந்தது.

"வெள்ளம்," என்று தரையில் கிடந்தபடி செல்வதாஸ் முனகினார். "கொஞ்சம் வெள்ளம் தாங்க."

ஜினிஷா ஒரு தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். பேரிடர் மீட்புப் படைக்கு யாரும் போன் செய்யவில்லை.

செசிலி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம். தர்க்கம் பேச வேண்டும் என்பதல்ல அவள் எண்ணம். கடைசியில் இவர்களுக்குப் புரியும்படி ஒன்று நடந்துவிட்டதே என்ற சந்தோஷம்.

"சார், இப்ப அந்த சாரு செய்தாருல்லா, அதத்தான் சார் எனக்க மவனும் செய்தான். சாடினான். வெள்ளத்துல. இது மட்டும்தான் சார் நடந்தது. அந்த இன்ஸ்பெக்டருக்கு நம்ம பேச்சு மனசிலாவல்ல. உங்களுக்கு மனசிலாவும்லா."

பொன்னுலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் முனைவர் பட்டம் திரும்பி வந்து சேர்ந்துவிட்டது.

"அம்மா, நான் சொன்னது பேச்சு. நீங்கள் சொன்னது வாக்குமூலம். ஒரு சொல்லைக் கல்யாண மண்டபத்தில் சொன்னால் அதற்கு ஊர்ப் பொருள். காவல் நிலையத்தில் சொன்னால் அகராதிப் பொருள்."

"சொல்லு ஒண்ணுதான சார்?"

"ஒன்றுதான். இடம் வேறு."

"அப்ப அவன் குதிச்சான்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். செல்வதாஸுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். நாங்களும் இந்த மாவட்டம்தானே. ஆனால் மன்றத்தின் அறிக்கை மேலே போய்விட்டது. அருவியில் குதித்த பையனுக்காக இத்தனை பேர் இத்தனை நாள் கூடினோம் என்று வெளியே தெரிந்தால் மன்றத்தின் மதிப்பு என்ன ஆவது? குற்றம் நடக்கவில்லை என்று சொல்வதற்காகவா குற்றத் தடுப்பு மன்றம் வைத்திருக்கிறோம்?" அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அதுவும் போக, தவறு எங்கிருந்து தொடங்கியது? குதித்தான் என்று நல்ல தமிழில் சொல்ல உங்களுக்கு வீட்டில் யாரும் கற்றுத்தரவில்லை. ஆகக் குடும்பம்தான் காரணம். நான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன்."

"கற்றுத்தராதவனை உதைத்திருக்க வேண்டும்," என்றார் செல்வதாஸ், தரையிலிருந்து.

அடுத்த வாரம் நடந்த கடைசி அமர்வுக்கு ஜெஃப்ரினையும் வரச் சொல்லியிருந்தார்கள். இருபத்து மூன்று வயது ஆள். இன்டர்வியூவுக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தான். கழுத்தில் கட்டுப் போட்ட செல்வதாஸும் பொன்னுலிங்கமும் மேடையில் இருந்தார்கள்.

"ஒரே கேள்விதான்," என்றார் பொன்னுலிங்கம். "இவனை நன்றாக வளர்த்தீர்களா, மோசமாக வளர்த்தீர்களா?"

செசிலியும் ஏசுஅடிமையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போது ஒருவழியாக ஒத்துக்கொண்ட பதில் கையில் இருந்தது.

"மோசமாத்தான் சார் வளத்தோம். செல்லம் குடுத்து," என்றாள் செசிலி.

"நல்லது. குடும்பத்தின் குற்றம். பையன் மேல் வழக்கு இல்லை. ஆனால் சான்றிதழ் தர முடியாது. அது நற்குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்."

"அப்ப நல்லாத்தான் சார் வளத்தோம்."

"அப்படியானால் நல்ல வளர்ப்பையும் மீறி வேண்டுமென்றே சாடியிருக்கிறான்," என்று செல்வதாஸ் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். "என்னிடம் தாருங்கள். கோர்ட்டுக்குப் போகட்டும்."

"அப்ப எப்படித்தான் சார் வளத்திருக்கணும்?"

"அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்," என்றார் பொன்னுலிங்கம்.

இரண்டு பேரும் குனிந்து ஏதோ பேசினார்கள். மன்றம் தொடங்கியதிலிருந்து அவர்கள் தலையும் தலையும் இவ்வளவு அருகில் வந்ததில்லை. நிமிர்ந்தபோது பொன்னுலிங்கத்தின் முகம் கனிந்திருந்தது.

"ஒரு வழி இருக்கிறது. குடும்பமே இல்லாதவனுக்குக் குடும்பக் குறை கிடையாது."

"ஆதரவற்றவனுக்குக் கருணை காட்டலாம் என்று விதி இருக்கிறது," என்றார் செல்வதாஸ். "எனக்குப் பிடிக்காத விதிதான். இருந்தாலும் இருக்கிறது."

"இவன் எங்கள் மகன் அல்லன் என்று பெற்றோர் மேடையில் வந்து சொல்லிவிட்டால் போதும். சான்றிதழ் இப்போதே கையெழுத்தாகும்."

ஏசுஅடிமை எழுந்தார். "வாட்டி போவோம்."

"இரியும்."

"நான் சொல்ல மாட்டேன்."

"நாலு வார்த்த தான?"

"நாலு வார்த்தயா இது? கோழி கூவுறதுக்கு முன்ன ஏசுவத் தெரியாதுன்னு இராயப்பரு சொன்னது மாதிரி நான் போயி நின்னு—"

"அப்படிச் சொன்னவருகிட்டத்தான மோட்சத்துச் சாவியக் குடுத்து வச்சிருக்கு? நான் விசா தான கேக்கேன்."

"ஏலே, நீ சொல்லுல ஒனக்க அம்மைக்கிட்ட."

ஜெஃப்ரின் சிரிக்கப் பார்த்தான். "சொல்லிருங்கப்பா. பிளைட்டுல ஏறி இருந்ததும் நான் திரும்பவும் உங்க மவன் ஆயிருதேன். அங்க ஆரு வந்து பாக்கப் போறா?" என்றான். சொல்லிவிட்டுத் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செசிலி மேடை ஏறினாள். மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. ஜினிஷா வந்து இறக்கிவிட்டாள். அவள் செசிலியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவன் எனக்க மவன் இல்ல."

"நல்ல தமிழில்," என்றார் பொன்னுலிங்கம். "மறுபடியும் சொல்லில் குழப்பம் வரக்கூடாது பாருங்கள். இவன் என் மகன் அல்லன்."

"இவன் என் மகன் இல்லன்."

"அல்லன். 'ல்' அழுத்தமாக."

"இவன் என் மகன் அல்லன்."

"அருமை. உச்சரிப்பு அருமை. தந்தை?"

ஏசுஅடிமை மைக்கின் முன் நின்று நெடுநேரம் இருமினார். அதை ஒப்புதலாகக் கொள்ளலாம் என்று செல்வதாஸ் சொன்னார். சாட்சிக் கூண்டில் இதைவிடக் குறைந்த சத்தத்துக்கெல்லாம் ஆட்களைத் தண்டித்திருக்கிறார்களாம்.

கைதட்டினார்கள். மூன்று பேரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சட்டையில் குத்திய அட்டைகளைக் கழற்றிக்கொண்டார்கள். இனி அவை அவர்களுக்குப் பொருந்தாது. பொன்னுலிங்கம் முடிவுரைக்கு எழுந்தார்.

"இந்த மன்றத்தின் வரலாற்றில் இன்று முதல் வெற்றி. குடும்ப நெறியும் தண்டனையும் கைகோத்து ஓர் இளைஞனைக் காப்பாற்றியிருக்கின்றன. எதிலிருந்து? அவனுடைய குடும்பத்திலிருந்து. இதுபோல் மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் நாம் அணுகினால், குற்றம் பிறக்க இடமே இருக்காது. ஏனென்றால் குடும்பமே இருக்காது."

அவர் சொன்னதை அவரே ஒரு கணம் யோசித்தார். கைதட்டல் வந்ததால் யோசனையை விட்டுவிட்டார். எல்லோருக்கும் ரசவடையும் சாயாவும் வந்தன. செசிலி வாங்கிய தட்டை ஜெஃப்ரின் பக்கம் நீட்டப் போனவள், சுற்றிலும் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே தள்ளி உட்கார்ந்தான்.

ஜினிஷா சான்றிதழைக் கொண்டுவந்தாள். கெட்டிக் காகிதம், சுற்றிலும் தங்க நிறப் பூ. ஜெஃப்ரின் எழுந்து கையை நீட்டினான். அவள் கொடுக்கப் போனாள். பிறகு கடைசி வரியைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள். மெல்ல நடந்து பொன்னுலிங்கத்திடம் போனாள்.

"சார், இத பையனுக்க கையில குடுக்கப்பிடாதுன்னு போட்டிருக்கு. பெத்தவங்க வந்து வாங்கணுமாம்."

"ஆமாம். அந்த விதியை எழுதியதே நான்தான். குடும்ப நெறி மன்றம் குடும்பத்தின் கையில் தராமல் வேறு யார் கையில் தரும்?"

"இதுல எப்படி சார்?"

பொன்னுலிங்கம் ரசவடையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "விதி விதிதான். மைக்கில் கூப்பிடு. வராவிட்டால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு."

ஏசுஅடிமையின் கை நாற்காலியை அழுத்தியது. எழுந்திருக்கப்போகிறார் என்று செசிலிக்குத் தெரிந்தது. எழுந்தால் சொன்னது பொய்யாகும். எழாவிட்டால் விசா போகும். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். இழுத்து உட்காரவைக்கவா, சேர்ந்து எழுந்திருக்கவா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஜினிஷா மைக்கின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு எதிரே மூன்றாவது வரிசையில்தான் அவர்கள் இருந்தார்கள். அவள் அவர்கள் தலைக்கு மேலே, பின்சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஜெஃப்ரினப் பெத்தவிய ஆராவது வந்திருக்கியளா?"